வேலை ஓயும் வாரத்தில் காய்க்க வேண்டும்

முதல் நல்ல மழை விழுந்த மறுநாள் போன் ஓயாது. புல்தரை போடணும், மரக்கன்று வைக்கணும், வேலிச்செடி நடணும் என்று எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வாரத்தில் தோட்டம் ஞாபகம் வரும். வீட்டுக் குழித்தட்டில் இருக்கும் தக்காளி நாற்றுக்கும் அதே வாரத்தில்தான் நடவு வயது வந்திருக்கும். சின்ன அளவில் லேண்ட்ஸ்கேப்பிங் (அடுத்தவர் வீட்டுத் தோட்டங்களை அமைத்துப் பராமரிக்கும்) தொழில் செய்துகொண்டு வீட்டில் காய்கறியும் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நாற்று தட்டிலேயே முற்றிப்போகும். வெண்டை பறிக்க ஆளில்லாமல் நாராகும். களை இடுப்பளவு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

வீட்டுத் தோட்டத்தின் பட்டத்தை, அதாவது விதைக்கும் காலத்தை, மழையை மட்டும் பார்த்துப் போடக் கூடாது. வேலை நெருக்கடியையும் பார்த்துப் போட வேண்டும். எந்தப் பயிர் எந்த வாரத்தில் நம் கையைக் கேட்கும் என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் விதைக்கும் தேதி தானாகக் கிடைக்கும். கோடை, மழை, குளிர் என்று மூன்றாகப் பிரியும் வெப்பமான இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பனி உறையும் ஊர்களில் கணக்கு வேறு.

பொறுக்கும் பயிர், பொறுக்காத பயிர்

காய்கறிகளை வழக்கமாகக் கீரை, கொடி, கிழங்கு என்று பிரிப்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அதைவிட உதவும் பிரிவு, பத்து நாள் திரும்பிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

வெண்டை பொறுக்காது. பூ விரிந்து ஆறு ஏழு நாளில் பறித்தாக வேண்டும், அதைத் தாண்டினால் நார். ஒரு காயை முற்றவிட்டாலே செடி விதையில் கவனத்தைத் திருப்பிவிடும், அடுத்த பூ குறையும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை கை போக வேண்டிய பயிர் அது. கொத்தவரை, பீன்ஸ், வெள்ளரி எல்லாம் இதே குணம். விதைத்து 45 நாளில் வெண்டை காய்க்கத் தொடங்கிவிடும் என்பதால், வேலை ஓயும் என்று நீங்கள் நினைக்கும் தேதியிலிருந்து 45 நாள் பின்னே போய் விதைத்தால் போதும்.

சேனை, மஞ்சள், மரவள்ளி, சர்க்கரைவள்ளி பொறுக்கும். மழைக்கு முன் நட்டு, மூடாக்கு (மண்ணை மூடும் இலை, வைக்கோல்) போட்டு, ஒருமுறை மண் அணைத்துவிட்டால் பிறகு நம்மைத் தேடாது. சேனையும் மஞ்சளும் எட்டு ஒன்பது மாதப் பயிர். சர்க்கரைவள்ளி நான்கு மாதத்துக்குள் வந்துவிடும், அதோடு கொடி படர்ந்து களையையும் அமுக்கிவிடும். நெருக்கடியான மழை மாதங்களில் தோட்டத்தின் பாதியைக் கிழங்குக்குக் கொடுத்துவிடுவதுதான் என் கட்சி. பச்சைப்பசேல் என்று பத்து வகைக் காய் போட்டு எட்டை வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

நடுத்தரம் தக்காளி, கத்தரி, மிளகாய். காய்ப்பில் இரண்டொரு நாள் பொறுக்கும், ஆனால் நாற்றங்காலில் பொறுக்காது. தக்காளி நாற்று 25 முதல் 30 நாளில் தயார், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 40 முதல் 45. சின்னக் குழித்தட்டில் அதைத் தாண்டி வைத்தால் வேர் சுற்றிக்கொள்ளும், கீழ் இலை மஞ்சளாகும், தட்டிலேயே பூ வைக்கும். அப்படிப் பூத்த நாற்றை நட்டால் உயிர் பிழைக்கும், ஆனால் வளர்ச்சி குன்றிப் பிந்தும். நடவு தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே பத்து சென்டிமீட்டர் கப்பில் மாற்றிவிடுங்கள். இரண்டு வாரம் அவகாசம் கிடைக்கும். நீண்டுபோன தக்காளி நாற்றைத் தண்டோடு ஆழமாகப் புதைத்து நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்த வித்தை அவ்வளவாகக் கைகொடுக்காது.

இன்னொன்று, தக்காளியை மழையோடு சேர்த்து நடுவதில் ஆதாயம் குறைவு. இலை எப்போதும் நனைந்தே இருந்தால் கருகல் நோய் வரும், பூ உதிரும். மழை ஓய்வதற்கு ஒரு மாதம் முன் நாற்று விட்டு, ஓய்ந்ததும் நட்டால், குளிர்ந்த இரவுகளில் பூக்கும். பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு 24-க்கு மேலும் தொடர்ந்து போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ பிஞ்சாகாமல் கொட்டும். கோடையில் செடி பெரிதாக வளர்ந்தும் காய் இல்லையே என்று உரம் மேல் உரமாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மழைக்காலம்: புல்தரையும் மண்ணும்

வாடிக்கையாளர் வேலையில் மழைக்கு முன் முடித்தே ஆக வேண்டியது மண் வேலை. ஈரக் களிமண்ணில் மண்வெட்டி வைத்தால், அது காய்ந்த பிறகு கட்டி கட்டியாகச் செங்கல் போல நிற்கும், அந்த வருடம் முழுக்கச் சரியாகாது. கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். அழுத்தமாகப் பள்ளம் விழுந்து உருண்டை அப்படியே நின்றால் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கட்டடத்தை ஒட்டிய தரை, ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவாகக் கட்டடத்தை விட்டு விலகி இறங்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரை பல நேரம் சுவர்ப் பக்கமாகவே சரிந்திருக்கும், அதனால் டியூப் லெவல் (தண்ணீர்க் குழாய் மட்டம்) பிடிக்காமல் புல் போடாதீர்கள். மண் கணக்கில் தவறுவதும் சகஜம். 40 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மண் என்றால் 4 கன மீட்டர். ஆனால் வண்டியில் வரும் மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் விட்டு அமுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். எனவே 5 கன மீட்டர் சொல்லுங்கள். இறக்கம் போகப் பத்து சென்டிமீட்டர் நிற்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், பிறகு 'மண் குறைச்சல்' என்ற பேச்சு வராது.

ரோல் புல் (பாய் போலச் சுருட்டி வரும் புல்தரை) வந்து இறங்கிய அன்றே விரித்துவிட வேண்டும். சுருளுக்குள் சூடு ஏறும், ஒரு நாள் தாண்டினால் நடுப்பகுதி மஞ்சளாகத் தொடங்கும். செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாறி மாறி வரட்டும். ஓரத்தை இழுத்து நீட்டாதீர்கள், காயும்போது அது சுருங்கி இடைவெளி விடும். விரித்ததும் உருளை போட்டு அமுக்கித் தண்ணீர் விடுங்கள். போதுமா என்று பார்க்க ஒரு மூலையைத் தூக்கி அடி மண்ணில் விரலை விடுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை ஈரம் தெரிய வேண்டும். மேலே மட்டும் நனைந்து அடியில் காய்ந்த மண் இருப்பதுதான் புதுப் புல் சாகும் வழக்கமான வழி. மூலையைத் தூக்கினால் வராத அளவுக்கு வேர் பிடித்த பிறகே முதல் வெட்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வெட்டும்போது புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. மூன்று சென்டிமீட்டரில் வைத்திருக்க வேண்டிய புல் நாலரைக்கு வந்ததும் வெட்ட வேண்டும் என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஒரு வாரத்திலேயே அந்த உயரம் வந்துவிடும். விடுபட்டு ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டால் ஒரேயடியாக இறக்காதீர்கள். முதலில் ஆறு, நாலைந்து நாள் கழித்து நாலு, பிறகு மூன்று. ஒரே மூச்சில் இறக்கினால் பச்சைப் பகுதி முழுக்கப் போய் வெளுத்த தண்டுதான் மிஞ்சும், அந்த இடைவெளியில் களை புகும்.

யூரியா போடுகிறவர்கள் கைக்கணக்கில் வீசுவதால்தான் புல்தரையில் கருகிய திட்டுகள். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன், ஆக 11 கிராம் யூரியா. 100 சதுர மீட்டருக்கு 1.1 கிலோ. அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலை மேல் தூவினால் ஒட்டிக்கொண்டு எரிக்கும்.

மரத்தடியில் பிரஷ் கட்டரை (கையில் பிடித்துப் புல் வெட்டும் மெஷினை) நுழைய விடாதீர்கள். நைலான் கயிறு இளம் மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடும், உணவு கடத்தும் பாதை அறுந்து மரம் சில மாதம் கழித்துச் சாகும், காரணம் யாருக்கும் தெரியாது. தண்டைச் சுற்றி அரை மீட்டர் புல்லை எடுத்துவிட்டு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டால் அங்கே வெட்ட வேண்டிய வேலையே இல்லை. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளியே நிற்கட்டும்.

வெட்டிய புல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

தொழிலும் வீட்டுத் தோட்டமும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் குப்பைதான். கூலி கொடுத்துக் கொட்ட வேண்டிய புல்லும் இலையும் வீட்டில் உரமாகும். ஆனால் பருவம் பொருந்தாது. பச்சைப் புல் மழையில் குவியும், காய்ந்த இலை குளிர் முடிந்து வெயில் ஏறும்போது கொட்டும். பச்சைப் புல்லை மட்டும் குவித்தால் இரண்டே நாளில் வழவழத்து, அமோனியா வாடை அடிக்கும். அதனால் இலை கொட்டும் காலத்திலேயே சாக்குகளில் கட்டி மழை படாமல் சேர்த்து வைக்க வேண்டும். புல் வெட்டும் மெஷினை இலை மேல் ஓட்டி நொறுக்கிவிட்டால் பாதி சாக்கு மிச்சம், மக்குவதும் விரைவு.

அளவு எளிது. ஒரு கூடை பச்சைப் புல்லுக்கு இரண்டு கூடை காய்ந்த இலை. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இல்லாத குவியலில் சூடு நிற்காது. ஈரம், கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு. இரண்டு மூன்று நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி ஏறும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் செருகி வைத்து எடுங்கள். கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இறங்கியதும் வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். களை விதை பெரும்பாலும் இந்தச் சூட்டில் செத்துவிடும். கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் மட்டும் இதை நம்பிப் போடாதீர்கள். குவியலின் ஓரத்தில் ஒரு கிழங்கு தப்பினால் போதும், அடுத்த வருடம் பாத்தி முழுக்கக் கோரை.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. புல்தரையில் அடிக்கும் அகன்ற இலைக் களைக்கொல்லிகள் புல்லை ஒன்றும் செய்யாது, ஆனால் தக்காளி, பீன்ஸ், மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாமே அகன்ற இலைப் பயிர்கள். குளோபைரலிட், அமினோபைரலிட் போன்றவை மக்கிய பிறகும் உரத்தில் மிஞ்சும், மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் வரும். வீட்டுத் தோட்டங்களில் பயிர் முறுக்கிக்கொண்ட புகார்கள் குவிந்து, 2008-ல் பிரிட்டனில் அமினோபைரலிட் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். ஆகவே எந்த வீட்டுப் புல்லாக இருந்தாலும், என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் அந்தப் புல் வீட்டுக்கு வேண்டாம்.

சந்தேகமான உரம் கையில் இருந்தால் சோதிப்பது சுலபம். மூன்று தொட்டியில் அந்த உரமும் நல்ல மண்ணும் சரிபாதி, மூன்றில் அந்த உரம் சேராத மண் மட்டும். ஒவ்வொன்றிலும் நாலு பீன்ஸ் விதை. தொட்டிக்கு அடியில் தனித்தனித் தட்டு வைக்க வேண்டும், ஒன்றின் வடிநீர் இன்னொன்றுக்குப் போனால் சோதனை கெட்டது. மூன்று வாரத்தில் உரம் கலந்த செடிகளில் மட்டும் இளந்தளிர் கிண்ணம் போலக் குவிந்தோ, தண்டு முறுக்கியோ வந்தால் அந்தக் குவியல் காய்கறிக்கு ஆகாது.

மழை ஓய்ந்த பிறகு

வேலை மெல்ல இறங்கும் காலம். தக்காளி நடவு, கத்தரி, கோஸ், முள்ளங்கி எல்லாம் இப்போது. நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள், தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள். 60 சென்டிமீட்டர் வரிசை, 45 சென்டிமீட்டர் செடி இடைவெளி. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கினால் மருந்தைத் தேடாதீர்கள். பல நேரம் மண்ணில் கால்சியம் இருக்கும். ஒரு நாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதால் அது காய்க்குப் போய்ச் சேராது. நீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து சரியாக வரும்.

வாடிக்கையாளர் பக்கம் கவாத்து. வேலிச்செடியை வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வர வேண்டும். தலைகீழாகப் போனால் அடிக்கிளைக்கு வெயில் படாது, கால் பகுதி மொட்டையாகும். பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து மேலாகக் கால் பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக முழு வெட்டு, கடைசியாக மிஞ்சிய கட்டையைக் கிளையடியில் இருக்கும் தடித்த வளையத்தை ஒட்டி எடுங்கள். முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளையின் பாரம் பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. வளையம் சேதமில்லாமல் இருந்தால் மரம் தானே மூடிக்கொள்ளும்.

கோடை: மெஷின், குழாய், ஒப்பந்தம்

நடவு இல்லாத மாதம். கருவிகளைப் பார்க்க இதுதான் நேரம்.

புல் வெட்டும் மெஷினின் பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் மேலே வருகிற மாதிரிச் சாயுங்கள். மறுபக்கம் சாய்த்தால் ஏர் ஃபில்டருக்குள் ஆயில் இறங்கும், பிறகு ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் புகைமண்டலம்தான். பிளேடின் தரை பார்க்கும் பக்கத்தில் கழற்றுவதற்கு முன்பே ஓர் அடையாளம் போடுங்கள். தலைகீழாக மாட்டினால் மெஷின் நன்றாக ஓடும், புல் மட்டும் வெட்டாது. பழைய சாய்வையே பின்பற்றி அரம் போடுங்கள். சவர பிளேடு மாதிரிக் கூர் வேண்டாம், அந்த விளிம்பு முதல் கல்லிலேயே மடியும். பிறகு நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரம். சமநிலை இல்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். வெட்டிய புல்லின் நுனி பிசிறு பிசிறாக வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கி நாளாயிற்று என்று அறியலாம்.

பிரஷ் கட்டர் டூ-ஸ்ட்ரோக்காக (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் இன்ஜினாக) இருந்தால் 50:1 என்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. எது என்று மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் கரி பிடிக்கும். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கலந்த பெட்ரோலுக்கும் கலக்காததற்கும் வெவ்வேறு நிற கேன் கட்டாயம். அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிய கட்டருக்கு அன்றோடு ஆயுள் முடியும். சீசன் முடிந்து நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

நாள் முழுக்க வெளியில் இருப்பவருக்குக் கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றுவது சொட்டு நீரும் ஒரு டைமரும்தான். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளப் பாத்தியில் இரண்டு லேட்டரல் (நீளவாக்கில் ஓடும் குழாய்), 30 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவாய்) என்றால் 66 டிரிப்பர். ஒன்று மணிக்கு 2 லிட்டர் விட்டால் மொத்தம் 132 லிட்டர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம், ஆக மணிக்குச் சுமார் 13 மில்லிமீட்டர். கடும் வெயிலில் நாளுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால் 25 நிமிடம் போதும். வரிசையின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு டிரிப்பருக்கு அடியில் கப் வைத்துப் பாருங்கள், ஆறு நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். கடைசியில் மட்டும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிடுங்கள்.

சும்மா கிடக்கும் பாத்தி இருந்தால் களை விதையைக் கொல்ல வெயிலை வேலை வாங்கலாம். மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது தானே சூட்டை எடுத்துக்கொள்ளும், மண்ணுக்குள் ஆழமாகப் போகாது. எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தினால் அடியில் தப்பிய களை விதை மேலே வந்துவிடும், மேலாகக் கீறி விதைத்தால் போதும்.

ஆண்டு ஒப்பந்தம் பேசுவதும் இந்த ஓய்விலேயே நடக்கட்டும். மழையின் 16 வாரத்துக்கு வாரம் ஒரு தடவை, குளிரின் 16 வாரத்துக்கு இரு வாரத்துக்கு ஒன்று, கோடையின் 20 வாரத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று போட்டால் 16, 8, 7, மொத்தம் 31 தடவை. தொகையைப் பன்னிரண்டாக வகுத்து மாதா மாதம் வாங்கினால் கோடையில் கை வறளாது. 'மாதத்துக்கு நாலு தடவை' என்று எழுதிவிட்டால், கோடையில் வளராத புல்லைக் கணக்குக்காகவே வெட்டிக் கொல்ல வேண்டி வரும். குப்பையை யார் அகற்றுவது, நாம் வராத நாளில் தண்ணீர் யார் விடுவது, பட்டுப்போன செடிக்கு எத்தனை நாள் வரை மாற்றுச் செடி என்ற மூன்றையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாக விதைப் பெட்டி. மீந்த விதையில் ஒவ்வொரு வகையிலும் பத்தை எடுத்து, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வெண்டை, பீன்ஸ் ஐந்தாறு நாளில் முளைவிடும், மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எட்டுக்கு மேல் முளைத்தால் அப்படியே விதைக்கலாம். ஐந்தாறுதான் என்றால் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் இப்போதே புது விதைக்குச் சொல்லிவைத்துவிடுங்கள், மழை வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.